பதறாத கணிப்பொறி

கணிப்பொறி அறிவியல், மூன்றாம் ஆண்டு

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டியுள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி என் ஊர். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். பகலில் சில மணி நேரம்; இரவில் சில மணி நேரம். இரவு முறை வந்துவிட்டால் அப்பா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்படுவார். அந்தச் சில மணி நேரத்துக்குள் எந்தப் பாத்திக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதை அவர் முன்கூட்டியே மனத்தில் வகுத்து வைத்திருப்பார். கத்திரி நாற்றுக்கு முதல் தண்ணீர்; அது ஒரு நாள்கூடப் பொறுக்காது. மரவள்ளிக்குக் கடைசித் தண்ணீர். அது ஒரு வாரமும் பொறுக்கும்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆசிரியர் ‘கெடு முந்தியது முதலில்’ என்னும் முறையைப் பாடமாக நடத்தினார். கணிப்பொறியின் முன் பல வேலைகள் காத்திருந்தால், எதற்குக் கெடு முந்தி வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும் என்பதே அம்முறை. லியு, லேலண்ட் என்னும் இருவர் 1973ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இம்முறையின் வலிமையைக் கணக்கிட்டு நிறுவினார்கள். பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு டார்ச் விளக்கோடு நடக்கும் அப்பாவின் உருவம்தான் கண்முன் நின்றது. வேலைகளை ஒழுங்குபடுத்தும் கலை நம் ஊர்களுக்குப் புதிதன்று. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறந்த நம் முன்னோர் அதை நன்கு அறிந்திருந்தனர்.

ஆனால் அப்பாவின் கணக்கில் இருந்தது காலம் ஒன்றுதான். இன்றைய கணிப்பொறி அறிஞர்கள் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் மின்சாரம். வேலையும் கெடுவுக்குள் முடிய வேண்டும். மின்சாரமும் மிகக் குறைவாகச் செலவாக வேண்டும். இது முடியுமா? முடியுமென்றால் எவ்வாறு? இதைப் பற்றி நான் படித்துப் புரிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

மின்சாரம் எங்கே போகிறது?

கணிப்பொறி என்றால் நம் மேசையின் மீதுள்ள பெட்டி மட்டும் அன்று. நாம் கைப்பேசியில் ஒரு படத்தைத் தொட்டுப் பார்க்கும்போது, எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் நமக்காக உழைக்கின்றன. அத்தகைய தரவு மையங்கள் 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. இது உலக மின் நுகர்வில் சுமார் ஒன்றரை விழுக்காடு.

இந்த எண் நம் மனத்தில் பதிய வேண்டுமானால் நம் மாவட்டத்து அளவுகோலைக் கொண்டு அளந்து பார்க்கலாம். மேட்டூர் அனல் மின் நிலையங்களின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். அவை ஓராண்டு முழுவதும் ஒரு நிமிடமும் நில்லாமல் முழுத் திறனில் ஓடினாலும் சுமார் 1,260 கோடி யூனிட்தான் கிடைக்கும். அப்படியானால் உலகத்துத் தரவு மையங்களுக்கு மட்டும் மேட்டூரைப் போன்ற 33 நிலையங்கள் இரவு பகலாக எரிய வேண்டும். அத்தனை நிலக்கரி, அத்தனை நீர், அத்தனை புகை! 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு நாட்களை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு யூனிட் மின்சாரத்தின் அருமை நமக்குத் தெரியும்.

சிக்கனம் என்றவுடன் புதிய இயந்திரம் வாங்க வேண்டும் என்றுதான் பலரும் எண்ணுவர். அதே இயந்திரத்தில், அதே வேலையை, செய்யும் வேகத்தை மட்டும் மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்பது வியப்பூட்டும் செய்தியன்றோ?

விரைவுக்கு என்ன விலை?

சைக்கிளில் கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். மெல்ல மிதித்தால் காற்று இருப்பதே தெரிவதில்லை. மணி அடித்துவிடுமே என்று விரைந்து மிதித்தாலோ, காற்றே மார்பில் கை வைத்து நம்மைத் தள்ளுகிறது. வேகத்தை இரட்டித்தால், காற்றை வெல்வதற்கு வேண்டிய திறன் இரட்டிப்பாவதில்லை, எட்டு மடங்காகிறது.

கணிப்பொறியின் மூளையாகிய செயலியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அதனுள் கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூடவே உயர்த்த வேண்டும். நிலை மாற்றங்களின் எண்ணிக்கையும் வேகத்துக்கு ஏற்பப் பெருகுகிறது. ஆக, தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் 2 என்றால் திறன் 8. வேகம் 3 என்றால் திறன் 27.

இரட்டை வேகத்தில் வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடுமே என்று கேட்கலாம். உண்மைதான். எட்டு மடங்கு திறன், பாதி நேரம். ஆகவே செலவு நான்கு மடங்கு. ஒரே வேலைக்கு நான்கு மடங்கு மின்சாரம்! இதுவே அவசரத்தின் விலை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கணிப்பொறி இப்போதுதான் கற்றுக்கொள்கிறது.

நெருக்கடி வேளையைக் கண்டுபிடித்தல்

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இருந்த பிரான்சிஸ் யாவோ, ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷெங்கர் ஆகிய மூவரும் 1995ஆம் ஆண்டில் இச்சிக்கலுக்கு அழகிய தீர்வு கண்டனர். அவர்களுடைய முறையை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன்.

ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு கணிப்பொறி. காலை 10 மணிக்கு மதிப்பெண் பட்டியல் வேலை வருகிறது. அதை மாலை 4 மணிக்குள் முடித்தால் போதும். பகல் 12 மணிக்கு உதவித்தொகைப் பட்டியல் வருகிறது. அது 2 மணிக்குள் முடிந்தாக வேண்டும். இரண்டும் தலைக்கு 6 பங்கு வேலை என்று கொள்வோம். கணிப்பொறி மணிக்கு 1 பங்கு வேகத்தில் ஓடினால் மணிக்கு 1 அலகு மின்சாரம் செலவாகும் என்றும், சும்மா இருக்கும்போது செலவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் பதறும் முறை. மணிக்கு 3 பங்கு வேகத்தில் 10 மணி முதல் 12 மணி வரை மதிப்பெண் பட்டியல், 12 முதல் 2 வரை உதவித்தொகைப் பட்டியல், பிறகு ஓய்வு. 4 மணி நேர ஓட்டம், மணிக்கு 27 அலகு. மொத்தம் 108 அலகு.

அடுத்து, நாள் முழுவதும் ஒரே சீராக ஓடும் முறை. 12 பங்கு வேலை, 6 மணி நேரம். எனவே மணிக்கு 2 பங்கு. செலவு 48 அலகுதான். ஆனால் 12 முதல் 2 வரை 4 பங்கு வேலைதான் முடியும். உதவித்தொகைப் பட்டியல் கெடு தவறிவிடும். மின்சாரம் மிஞ்சி, மாணவனின் உதவித்தொகை போய்விட்டால் அது சிக்கனம் ஆகாது.

மூவரும் கண்ட முறை இதுதான். எந்த இடைவேளையை எடுத்துக்கொண்டாலும், அதற்குள்ளே வந்து அதற்குள்ளேயே முடிய வேண்டிய வேலையைக் கூட்டி, அந்த இடைவேளையின் நேரத்தால் வகுக்க வேண்டும். எங்கே விடை மிகப் பெரிதாக வருகிறதோ அதுவே நெருக்கடி வேளை. அந்த வேளையில் அந்த விடையையே வேகமாகக் கொண்டு ஓட வேண்டும். பிறகு அந்த வேளையை அட்டவணையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதற்கும் இவ்வாறே செய்ய வேண்டும். நம் கணக்கில் 12 முதல் 2 வரை உள்ளதே நெருக்கடி வேளை. 6 பங்கை 2 மணியால் வகுத்தால் வேகம் 3. எஞ்சிய 4 மணி நேரத்தில் மதிப்பெண் பட்டியலின் 6 பங்கு, வேகம் ஒன்றரை. செலவைக் கூட்டினால் முதலாவதற்கு 54, இரண்டாவதற்கு 13.5, மொத்தம் 67.5 அலகு.

இரண்டு வேலைகளும் கெடுவுக்குள் முடிந்துவிட்டன. பதறும் முறையின் செலவில் எட்டில் மூன்று பங்கு மிச்சம். இதைவிடக் குறைந்த செலவில் இவ்விரு வேலைகளையும் யாராலும் முடிக்க இயலாது என்பதையும் அவர்கள் கணித முறைப்படி நிறுவியுள்ளனர்.

நாளை வருவது யாருக்குத் தெரியும்?

மேலே சொன்ன கணக்கில் ஒரு குறை உண்டு. 12 மணிக்கு உதவித்தொகைப் பட்டியல் வரப்போகிறது என்பது காலை 10 மணிக்கே நமக்குத் தெரிந்திருந்தது. உண்மை வாழ்வில் அப்படியா? அடுத்த நொடியில் என்ன வேலை வரும் என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. தெரியாதபோது எப்படி முடிவு செய்வது?

இக்கேள்வியை ஆழமாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவரான பேராசிரியர் நிகில் பன்சல். மும்பை ஐ.ஐ.டி.யில் 1999ஆம் ஆண்டு பட்டம் பெற்ற இவர், 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் பணியாற்றிப் பின்னர் நெதர்லாந்தின் ஐன்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2021ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

யாவோ குழுவினர் 1995ஆம் ஆண்டிலேயே ஓர் எளிய வழியைச் சொல்லியிருந்தனர். இதுவரை வந்துள்ள வேலைகள் மட்டுமே உண்டு, இனி எதுவும் வராது என்று எண்ணிக்கொண்டு சிறந்த திட்டத்தைப் போடு. புது வேலை வந்தால் திட்டத்தைத் திருத்திப் போடு. அவ்வளவுதான்.

நம் கணக்கில் இதை ஓட்டிப் பார்ப்போம். 10 மணிக்குக் கையில் இருப்பது மதிப்பெண் பட்டியல் மட்டுமே. 6 பங்கு, 6 மணி, வேகம் 1. பகல் 12 மணிக்குள் 2 பங்கு முடிந்துவிடும். 4 பங்கு மீதி. அப்போது உதவித்தொகைப் பட்டியல் வருகிறது. திட்டம் திருத்தப்படுகிறது. 12 முதல் 2 வரை வேகம் 3. பிறகு 4 மணி வரை, எஞ்சிய 4 பங்குக்கு வேகம் 2. செலவு 2, 54, 16. மொத்தம் 72 அலகு. எதிர்காலம் தெரிந்திருந்தால் 67.5, தெரியாததால் 72. அறியாமைக்கு நாம் கொடுத்த விலை நாலரை அலகுதான். பதறும் முறையின் 108ஐ விட இதுவும் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

ஆனால் ஒரு கணக்கில் சரியாக வந்துவிட்டால் எல்லாக் கணக்கிலும் வருமா? வேண்டுமென்றே ஒருவர் நம்மை ஏமாற்றும் வகையில் வேலைகளை அடுக்கிக் கொடுத்தால்? 2004ஆம் ஆண்டில் பன்சல், டிரேசி கிம்பிரெல், கிர்க் புரூஸ் ஆகிய மூவரும் இதற்கு விடை கண்டனர். கன விதி பொருந்தும் செயலியில், எத்தனை இலட்சம் வேலைகள் எந்த வரிசையில் வந்தாலும், இம்முறையின் செலவு மிகச் சிறந்த செலவைப் போல் 27 மடங்கைத் தாண்டாது. இந்த 27 என்பது 3இன் மூன்றாம் அடுக்கு. 27 மடங்கா என்று சிரிக்கத் தோன்றும். எதிர்காலத்தைச் சற்றும் அறியாதவன் எத்தகைய விதியின் முன்னும் அளிக்கும் உறுதிமொழி இது என்று எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். அன்றாட வேலைகளில் இழப்பு இவ்வளவு போவதில்லை.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. செயலி விரைந்தால் சூடேறும். சூடு மிகுந்தால் கெடும். 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்டெல் நிறுவனம் தான் உருவாக்கிவந்த டேஜாஸ் என்னும் அதிவேகச் செயலியைக் கைவிட்டதற்கு இந்த வெப்பச் சிக்கலே முக்கிய காரணம். மின்சாரத்தில் சிக்கனமான முறை வெப்பத்திலும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் கண்ட மூவரும், மின்சாரம், வெப்பம், உச்ச வேகம் மூன்றையும் ஓர் எல்லைக்குள் வைக்கும் புதிய முறை ஒன்றையும் வகுத்தனர்.

2009ஆம் ஆண்டில் பன்சல், ஹோ லியுங் சான், டிமிட்ரி காட்ஸ், புரூஸ் ஆகியோர் மற்றொரு முறையைத் தந்தனர். பழைய திட்டம் சொல்லும் வேகத்தைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் வேகத்தில் எப்போதும் ஓடு என்பதே அது. ‘இனி எதுவும் வராது’ என்று நம்பி மெத்தனமாக இராமல், ஏதேனும் வரக்கூடும் என்று சற்று முந்திக்கொள்வது. இந்தச் சிறு மாற்றத்தால் 27 என்றிருந்த எல்லை ஏறத்தாழ 6.7 ஆகக் குறைந்தது.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஏங்கண்ணு, நாளைக்கு மழை வருமா வராதான்னு தெரிஞ்சா நாங்க தண்ணி பாய்ச்சறோம்? கொஞ்சம் முன்னாடியே பாய்ச்சி வெச்சுக்கறதுதான்” என்றார். ஆய்வேட்டின் சாரத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

வாடகை சைக்கிள் கணக்கு

வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. வேலை இல்லாதபோது உறங்கிவிடுவது மற்றொரு வழி. ஆனால் உறங்கும் கணிப்பொறியை எழுப்பவும் மின்சாரம் செலவாகும். அடுத்த வேலை உடனே வந்துவிட்டால் உறங்கியது நட்டம். நெடுநேரம் வராவிட்டால் விழித்திருந்தது நட்டம். எப்போது உறங்குவது?

இதை வாடகை சைக்கிளைக் கொண்டு விளக்கலாம். சைக்கிளின் விலை 3,000 ரூபாய். நாள் வாடகை 30 ரூபாய். எத்தனை நாள் தேவைப்படும் என்பது தெரியாது. கொடுத்த வாடகை சைக்கிளின் விலையை எட்டும் வரை, அதாவது 100 நாள் வரை, வாடகைக்கு எடுத்துவிட்டு, அதற்கு மேலும் தேவைப்பட்டால் வாங்கிவிட வேண்டும். இவ்வாறு செய்தால், எல்லாம் முன்பே தெரிந்தவன் செலவழித்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் நமக்கு ஒருபோதும் செலவாகாது. விழித்திருக்கும் செலவு எழுப்பும் செலவை எட்டியவுடன் உறங்கு என்பதே கணிப்பொறிக்கு இதனால் கிடைக்கும் விதி. சாண்டி இரானி, சந்தீப் சுக்லா, ராஜேஷ் குப்தா ஆகிய மூவரும் 2003ஆம் ஆண்டில் உறக்கம், வேகக் குறைப்பு ஆகிய இரண்டையும் ஒன்றாக இணைத்து ஆராய்ந்தனர்.

சில எச்சரிக்கைகள்

கன விதி ஒரு தோராய விதியே. இன்றைய செயலிகளில் வேலை இல்லாவிட்டாலும் மின்சாரம் சிறிது கசிந்துகொண்டே இருக்கும். எனவே மிகமிக மெதுவாக ஓடினால் கசிவே செலவைக் கூட்டிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போவதைவிட, அந்த வேகத்தில் முடித்துவிட்டு உறங்குவதே மேல். மேலும் செயலியின் வேகத்தை நம் விருப்பம்போல் எந்த எண்ணுக்கும் மாற்ற இயலாது, படிகளாகத்தான் மாற்றலாம். ஆகவே ஏட்டில் உள்ள சிக்கனம் முழுவதும் இயந்திரத்தில் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது.

மற்றொன்றும் உண்டு. நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக ஆக, இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியதை ஜெவன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1865ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். கணிப்பொறிக்கும் அது பொருந்தலாம். மிச்சப்படுத்திய மின்சாரத்தை மேலும் பல கணிப்பொறிகளை ஓட்டவே செலவிட்டுவிட்டால் மேட்டூர்ப் புகைபோக்கி ஓயப்போவதில்லை. இயந்திரத்துக்குச் சிக்கனம் கற்பிக்கலாம். எவ்வளவு வேண்டும் என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

இதைப் படிக்கும் நண்பர்கள் பலர், ஆய்வு என்பது பெரிய நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கே உரியது, நமக்கு எட்டாதது என்று எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் இத்துறையில் நான் படித்த கட்டுரைகளில் விலையுயர்ந்த கருவி எதையும் காணவில்லை. நேர்க்கோட்டில் சில இடைவேளைகள், கொஞ்சம் வகுத்தல், கொஞ்சம் நுண்கணிதம், பிடிவாதமான சிந்தனை. இவ்வளவே அவற்றின் மூலப்பொருள்கள். காகிதமும் பென்சிலும் கொண்டு தொடங்கிய ஒரு கணக்கு, கோடிக்கணக்கான யூனிட் மின்சாரத்தைப் பற்றிய கணக்காக வளர்ந்திருக்கிறது. அந்தக் காகிதமும் பென்சிலும் நம்மிடமும் உள்ளன.

அதுமட்டுமன்று. தண்ணீரையும் மின்சாரத்தையும் முறை வைத்துப் பங்கிட்டு வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். குறைவானதைக் கொண்டு கெடு தவறாமல் காரியத்தை முடிப்பது எப்படி என்பதை ஏட்டில் படிப்பதற்கு முன் வீட்டிலேயே பார்த்தவர்கள். அந்த அறிவை எண்ணாகவும் எழுத்தாகவும் மாற்றத் தெரிந்துகொள்வதற்கே இக்கல்லூரிக்கு வந்திருக்கிறோம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறி சற்று மெதுவாக ஓடுகிறதே என்று சலித்துக்கொள்ளும் முன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அது சோம்பியிருக்காமல், கெடு எப்போது என்று கணக்கிட்டுக்கொண்டு, பதறாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.